கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஊர்

ஆறு எங்கே முடிகிறது? கேட்டவுடன் "கரையில்" என்று சொல்வீர்கள். வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கும். இரு பக்கமும் கோடு, நடுவில் நீல நிறம். ஆனால், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் ஃபிளாட்ஹெட் ஆற்றில் வாழும் ஒரு பூச்சிக்கு அந்தக் கோடு பொருந்தாது. கரையைத் தாண்டி, தரைக்கு அடியில் 2 கிலோமீட்டர் தொலைவு வரை அது ஆற்றின் பகுதியாகவே வாழ்கிறது.

அந்தப் பூச்சியை ஆங்கிலத்தில் ஸ்டோன்ஃபிளை என்பார்கள். நாம் 'கல் ஈ' என்று வைத்துக்கொள்வோம். கல் ஈயின் இளம்பூச்சி நீரில் வளரும். வளர்ந்ததும் கரையேறித் தோலுரித்து, இறகு விரித்து, இணை சேர்ந்து, மறுபடியும் ஆற்றிலேயே முட்டையிடும். ஃபிளாட்ஹெட் ஆற்றோரம் சில வகைக் கல் ஈக்கள் இறகோடு கூட்டமாகப் பறந்தன. ஆனால், அவற்றின் இளம்பூச்சிகளை ஆற்றின் தரையில் தேடினால் அரிதாகவே கிடைத்தன. இத்தனை கல் ஈக்கள் எங்கிருந்து வந்தன?

விடை கிணறுகளில் இருந்தது. 1974-இல் ஜாக் ஸ்டான்ஃபோர்டு, ஆர்டன் காஃபின் என்ற இரு ஆய்வாளர்கள், மொன்டானாவின் இரண்டு ஆறுகளுக்கு அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள கற்படிவுகளில் இந்த இளம்பூச்சிகள் வாழ்வதை 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 1988-இல் ஸ்டான்ஃபோர்டும் ஜேம்ஸ் வார்டும் 'நேச்சர்' இதழில் இன்னும் வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டர் வரை தள்ளி, சுமார் 10 மீட்டர் ஆழக் கிணறுகளில் இருந்து எடுத்த நீரிலும் கல் ஈயின் இளம்பூச்சிகள் வந்தன.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பூச்சி. தரைக்கடியில் யாரும் அதற்குச் சுரங்கம் தோண்டித் தரவில்லை. வெளிச்சம் இல்லை, செடி இல்லை. பிறகு எப்படி அவ்வளவு தூரம் போனது? எதைத் தின்றது? எப்படி மூச்சு விட்டது? வளர்ந்ததும் ஆற்றுக்கு எப்படித் திரும்பி வந்தது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தருபவை இரண்டு. ஒன்று, நிலத்தடிப் படிவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது. மற்றொன்று, அதனூடே நீர் எப்படி ஓடுகிறது என்பது.

நிலத்தடியில் ஏரி இல்லை

நிலத்தடி நீர் என்றதும், பூமிக்குள் ஒரு பெரிய குளம் இருப்பதாகப் பலர் கற்பனை செய்கிறோம். சுண்ணாம்புக் குகைகளில் அப்படி இருக்கலாம். ஆனால், பெரும்பாலான இடங்களில் நீர் இருப்பது துகள்களின் இடுக்கில்தான். ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட சரளைக்கல், மணல், வண்டல், களிமண் ஆகியவற்றின் அடுக்கைப் 'படிவு' என்கிறோம். படிவின் இடைவெளிகள் நீரால் நிரம்பியிருந்தால் அதுவே நிலத்தடி நீர். மணல் நிரப்பிய வாளியில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் இந்த உயிரினங்களின் வீடு.

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? இறால், நண்டு இனத்தின் மிகச் சிறிய உறவினர்களான கோபிபாட், ஆம்பிபாட், ஐசோபாட் ஆகியவை இருக்கின்றன. புழுக்களும் நீர்ச்சிற்றுண்ணிகளும் இருக்கின்றன. எல்லாம் முதுகெலும்பற்றவை. தலைமுறை தலைமுறையாக நிலத்தடியிலேயே வாழும் இனங்களுக்குப் பெரும்பாலும் கண் இல்லை, நிறமும் இல்லை. இருட்டில் கண்ணும் நிறமும் எதற்கு? அவை தொட்டும் முகர்ந்தும்தான் வழி அறிகின்றன.

மூன்று நாணயமும் ஒரு கடுகும்

இப்போது ஒரு சிறு சோதனை. மூன்று 20 சென் நாணயங்களை மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொட வேண்டும். நடுவில் மூன்று மூலையுள்ள ஒரு சிறு ஓட்டை தெரியும். அதற்குள் ஒரு கடுகைப் போடுங்கள், எளிதாக விழும். ஒரு கொண்டைக்கடலையைப் போட்டுப் பாருங்கள், விழாது.

நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். நடுவிலுள்ள ஓட்டையில் நுழையக்கூடிய உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கணக்கு இதுதான்: ஒரே அளவுள்ள மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால், அவற்றின் நடுவே புகக்கூடிய பொருளின் விட்டம், அந்த உருண்டை விட்டத்தின் 0.155 மடங்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி ஊரில் யார் குடியிருக்கலாம் என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

1 சென்டிமீட்டர் சரளைக்கல் என்றால் வாசல் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். ஒல்லியான ஓர் இளம்பூச்சி நெளிந்து நுழையலாம்.

1 மில்லிமீட்டர் பெருமணல் என்றால் வாசல் 0.15 மில்லிமீட்டர். பூச்சி நுழைய முடியாது. புழு போல ஒடுங்கிய உடலுள்ள சில கோபிபாட்கள் நுழையும்.

0.01 மில்லிமீட்டர் வண்டல் துகள் என்றால் வாசல் 0.0015 மில்லிமீட்டர். அது ஏறக்குறைய ஒரு பாக்டீரியாவின் அளவு. அங்கே எந்த விலங்குக்கும் இடமில்லை.

இது கணக்குக்காக எளிமையாக்கிய படம். உண்மையான கற்கள் உருண்டையாகவும் ஒரே அளவிலும் இருப்பதில்லை. ஆனாலும், துகள் சிறுத்தால் வாசலும் சிறுக்கும் என்ற விதி மாறாது. மணலில் வாழும் விலங்குகள் பெரும்பாலும் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பதற்கும், பெரிய உடலுள்ளவை சரளையில் மட்டும் காணப்படுவதற்கும் இதுவே காரணம்.

களிமண் செய்யும் வேடிக்கை

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு வாளி சரளையிலும் ஒரு வாளி களிமண்ணிலும் எதில் அதிக இடைவெளி இருக்கும்? சரளையில்தான் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. சரளையின் மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ 25 முதல் 35 விழுக்காடு வெற்றிடம். களிமண்ணிலோ 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கலாம். இந்த விழுக்காட்டை 'நுண்துளைமை' என்கிறோம்.

அப்படியானால் களிமண்ணில்தானே அதிக உயிரினங்கள் இருக்க வேண்டும்? இல்லை. களிமண்ணில் இடம் நிறைய, ஆனால் அது கோடிக்கணக்கான நுண்ணிய துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆயிரம் அறைகள் உள்ள மாளிகையில் ஒவ்வொரு கதவும் ஊசித்துளை அளவில் இருந்தால் யார் குடியேற முடியும்? ஓர் உயிரினத்துக்கு வேண்டியது மொத்த இடம் அல்ல. அதன் உடல் நுழையக்கூடிய இடைவெளியும், அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்த வழியும்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 100 லிட்டர் சரளையில் 30 லிட்டர் வெற்றிடம் இருக்கிறது. அந்த 30 லிட்டர் இடத்தில் மணல் வந்து நிறைகிறது. மணலிலும் 35 விழுக்காடு வெற்றிடம் உண்டு. ஆகவே மிஞ்சுவது 30-இல் 35 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 லிட்டர். வெற்றிடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதைவிட முக்கியம், வாசல் இப்போது சரளையின் வாசல் அல்ல, மணலின் வாசல். கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இடுக்கில் அடைந்திருக்கும் மிகச் சிறிய துகளே வாசலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.

மூச்சும் சாப்பாடும் நீரோடு வரும்

வாசல் அகலமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நிலத்தடியில் ஒளிச்சேர்க்கை இல்லை. அங்கே உயிர்வளி உண்டாவதில்லை, உணவும் விளைவதில்லை. இரண்டும் மேலிருந்து நீரோடு வர வேண்டும். நீர் நின்றுவிட்டால், இடுக்கிலுள்ள பாக்டீரியாக்கள் இருக்கும் உயிர்வளியைச் சிறிது சிறிதாகத் தீர்த்துவிடும்.

படிவினூடே நீர் எப்படி ஓடுகிறது என்பதை 1856-இல் பிரான்சின் டிஜோன் நகரில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் அளந்து காட்டினார். மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அவர் கண்டது இது. குழாயின் இரு முனைகளில் நீர்மட்ட உயர வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். கடக்க வேண்டிய மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் அந்தப் படிவின் 'ஊடுவிடும் திறன்'. தூய சரளையின் ஊடுவிடும் திறன் களிமண்ணுடையதைவிட ஒரு கோடி மடங்கோ அதற்கும் மேலோ இருக்கலாம். நல்ல சரளையில் நீர் ஒரே நாளில் பல மீட்டர் நகரும். களிமண்ணில் ஓராண்டு முழுதும் காத்திருந்தாலும் சில சென்டிமீட்டர்கூட நகராமல் போகலாம்.

ஆகவே சரளை இரண்டு வழிகளில் உதவுகிறது. உடலுக்கு வாசல் தருகிறது, மூச்சுக்கு ஓட்டம் தருகிறது. களிமண் இரண்டையும் மறுக்கிறது.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 12.8 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரியில் அது ஏறத்தாழ 8.3 மில்லிகிராம்தான். வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியாக்களும் வேகமாக வேலை செய்யும். குளிர்நாட்டுப் படிவைவிட நம் நாட்டுப் படிவில் உயிர்வளி சீக்கிரம் தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம் என்பதை இந்த இரண்டு உண்மைகளைக் கொண்டு நீங்களே ஊகிக்கலாம். நமக்கு நீரோட்டம் இன்னும் முக்கியம்.

ஆறு உள்ளே போகும் இடம், வெளியே வரும் இடம்

ஆற்றின் தரையைக் கவனியுங்கள். அது சமமாக இருப்பதில்லை. ஆழமான மடு ஒன்று, அடுத்துக் கற்கள் மேடிட்டு நீர் சலசலத்து ஓடும் இடம், மறுபடியும் மடு. நீர் கல்மேட்டை நெருங்கும்போது ஒரு பகுதி மேடுக்குள் இறங்குகிறது. கற்களின் இடுக்கு வழியே ஊர்ந்து, மேட்டின் மறுமுனையில் மீண்டும் ஆற்றில் கலக்கிறது. ஆற்றுநீரும் நிலத்தடி நீரும் இப்படிக் கலக்கும் அடித்தளப் பகுதிக்கு 'ஹைப்போரீயிக் மண்டலம்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஓட்டத்துக்கு அடியில்' என்று பொருள். 1959-இல் ருமேனியாவைச் சேர்ந்த டிராயன் ஒர்கிதான் இதைத் தனி வாழிடமாக அடையாளம் காட்டினார்.

நீர் உள்ளே இறங்கும் முனையில் உயிர்வளி நிறைந்திருக்கும். இலைத்துணுக்குகளும் வந்து சேரும். அங்கே ஆற்றுப் பூச்சிகளின் இளம் பருவங்கள் ஆழம் வரை இறங்கி வாழும். நீர் வெளியே வரும் முனையிலோ, அது இடுக்குகளில் நெடுநேரம் பயணம் செய்து உயிர்வளியில் ஒரு பங்கை இழந்திருக்கும். வெப்பநிலை மட்டும் நிலையாக இருக்கும். அங்கே கண்ணில்லாத நிலத்தடி விலங்குகள் ஆற்றின் தரைக்கு மிக அருகிலேயே வந்துவிடும். பிரான்சின் லியோன் நகருக்கு அருகே ரோன் ஆற்றில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரே ஆறுதான், ஒரே வகைக் கல்தான். நீர் இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைப் பொறுத்துக் குடியிருப்போர் மாறுகிறார்கள்.

நீரில் மூழ்கிய இந்த இடுக்குகளிலிருந்து உயிரினங்களை எப்படி எடுக்கிறார்கள்? 1967-இல் குளோட் பூ, ரேமோன் ரூஷ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஓர் எளிய கருவியை அறிமுகப்படுத்தினார்கள். முனையில் துளைகளுள்ள இரும்புக் குழாயை ஆற்றின் தரையில் அடித்து இறக்குவார்கள். மேலே கைப்பம்பு பொருத்தி நீரை இறைத்து, மிக நுண்ணிய வலையில் வடிகட்டுவார்கள். இன்றும் இந்த முறை பயன்பாட்டில் உள்ளது.

கல் ஈயின் ரகசியம்

இப்போது ஃபிளாட்ஹெட் ஆற்றுக்குத் திரும்புவோம். மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு, அகன்ற சமவெளியில் காலங்காலமாக இடம் மாறி ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பழைய ஆற்றுப்படுகையை விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளம் அதன்மேல் புதிய மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறது. ஆனால், அந்தப் பழைய படுகையில் நீரோட்டம் நன்றாகக் கழுவி வைத்த பெருங்கற்கள் அப்படியே கிடக்கின்றன. மேலே வயல், வீடு, சாலை. கீழே, புதைந்துபோன ஆற்றின் பாதை.

சுற்றியுள்ள மணலையும் வண்டலையும்விட இந்தப் புதைந்த பாதையில் நீர் வெகு வேகமாக ஓடும். உயிர்வளி தீர்வதற்கு முன்பே வெகுதூரம் போய்ச் சேரும். கற்கள் பெரியவை, ஆகவே வாசலும் அகலம். கல் ஈயின் இளம்பூச்சிக்கு இது நெடுஞ்சாலை போன்றது. யாரும் சுரங்கம் தோண்டவில்லை என்று முன்பு சொன்னோம் அல்லவா? ஆறே தன் பழைய பாதையைச் சுரங்கமாக விட்டுச் சென்றிருக்கிறது.

சாப்பாடு? கற்களின் மேல் வழுவழுப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம் ஓர் உணவு. இன்னொன்று எதிர்பாராதது. ஃபிளாட்ஹெட்டின் நடுக்கிளை ஆற்றோரம் நையாக் என்ற சமவெளி உள்ளது. அங்கே நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. படிவில் புதைந்த பழைய மரமும் இலையும் உயிர்வளி இல்லாத மூலைகளில் மட்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது உயிர்வளியுள்ள நீரைச் சந்திக்கும் இடத்தில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அந்தப் பாக்டீரியாக்களைக் கல் ஈயின் இளம்பூச்சிகள் உண்கின்றன. பூச்சியின் உடலிலுள்ள கார்பனை ஆராய்ந்தபோது, அதில் கணிசமான பங்கு மீத்தேன் வழியாக வந்தது என்று தெரிந்தது.

இங்கே படிவின் அமைப்பு எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்று பாருங்கள். முழுவதும் பெருங்கல்லாக இருந்தால் உயிர்வளி எங்கும் பரவி, மீத்தேன் உண்டாகாது. முழுவதும் வண்டலாக இருந்தால் பூச்சியே நுழைய முடியாது. கல்லும் வண்டலும் அடுத்தடுத்து இருப்பதால்தான் ஒரு பக்கம் அடுப்பங்கரை, மறுபக்கம் நடைபாதை என்று அமைந்திருக்கிறது. உயிர்வளி குறைந்த நீரிலும் இந்த இளம்பூச்சிகள் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும் என்பதும் பின்னர் சோதனைகளில் தெரிந்தது.

நிலத்தடித் தீவுகள்

வழி இணைந்திருந்தால் 2 கிலோமீட்டர் பயணம் செய்யலாம். வழி துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் இயற்கைச் சோதனை நடந்திருக்கிறது, மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில்.

இல்கார்ன் எனப்படும் அந்த வட்டாரத்தின் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில், நிலத்தடி நீரிலிருந்து படிந்த 'கால்கிரீட்' என்ற சுண்ணாம்புப் பாறைத் திட்டுகள் உள்ளன. அவற்றில் துளைகளும் பொந்துகளும் நிறைய. நீர் அவற்றில் தேங்கி ஓடுகிறது. ஆனால், ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே களிமண்ணும் நுண்ணிய படிவும் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலம் வறண்டபோது, மேலே குளங்களில் வாழ்ந்த நீர்வண்டுகளில் சில இந்தத் திட்டுகளுக்குள் இறங்கின. இன்று அங்கே கண்ணில்லாத, பறக்க முடியாத நீர்வண்டு இனங்கள் ஏறத்தாழ நூறு அறியப்பட்டுள்ளன. வியப்பு என்னவென்றால், ஒரு திட்டில் வாழும் இனம் பெரும்பாலும் வேறு எந்தத் திட்டிலும் இல்லை. களிமண் அவற்றுக்குக் கடல், கால்கிரீட் தீவு. ஒரு திட்டின் நீரை முழுதும் இறைத்துவிட்டால், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனமே போய்விடும்.

வாசல் அடைபட்டால்

இதுவரை படித்ததை நம் ஆறுகளோடு பொருத்திப் பார்ப்போம். கனமழைக்குப் பிறகு ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் வண்டலும் களிமண்ணும் தரும் நிறம். மழை பெய்தால் கொஞ்சம் மண் கரைவது இயல்புதான். ஆனால், மரங்களை வெட்டி மொட்டையாக விட்ட மலைச்சரிவும், மூடாமல் விட்ட கட்டுமான இடமும் இயல்பைவிடப் பல மடங்கு மண்ணை ஆற்றுக்கு அனுப்புகின்றன.

அந்த நுண்துகள்கள் எங்கே போகின்றன? ஆற்றுநீர் தரைக்குள் இறங்கும் இடத்தில் அவையும் கூடவே இறங்கி, கற்களின் இடுக்கில் தங்கிவிடுகின்றன. நம் 0.155 கணக்கை நினைவுபடுத்துங்கள். சரளையின் வாசல் மணல் வாசலாகிறது, பிறகு வண்டல் வாசலாகிறது. நீர் இறங்குவது நிற்கிறது. கீழே உயிர்வளி தீர்கிறது. மேலிருந்து பார்த்தால் ஆறு அப்படியேதான் ஓடும். கீழே ஓர் ஊர் மூச்சுத் திணறும். சரளையில் முட்டையிடும் சால்மன், டிரவுட் மீன்களின் முட்டைகள் வண்டல் மூடி அழிவது குளிர்நாடுகளில் நன்கு அறிந்த சிக்கல்.

இயற்கையில் இதற்கு மருந்து உண்டு. பெருவெள்ளம் வரும்போது கற்கள் புரண்டு, இடுக்கிலுள்ள வண்டல் கழுவிப் போகும். அணை கட்டி வெள்ளத்தைத் தடுத்துவிட்டால் இந்தக் கழுவலும் நின்றுவிடுகிறது. இன்னொரு மருந்து அங்கே வாழும் உயிரினங்களே. அடைபட்ட படிவில் புழுக்கள் துளையிட்டுச் செல்வதால் நீர் மறுபடியும் இறங்கத் தொடங்குவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. படிவு உயிர்களை வடிவமைக்கிறது, உயிர்களும் தம்மாலான அளவு படிவைத் திருத்துகின்றன. ஆனால், உயிர்வளி முற்றிலும் தீர்ந்த பிறகு பெரும்பாலானவற்றால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

"கண்ணுக்கே தெரியாத பூச்சிக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிளந்தான் மாநிலத்தில் குடிநீரின் கணிசமான பங்கு நிலத்தடியிலிருந்து வருகிறது. கிளந்தான் ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் சரளையும்தான் அங்கே நீரைத் தாங்கும் படுகை. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றங்கரைக் கிணறுகளில் நீர் எடுக்கிறது. ஆற்றுநீர் கரையின் படிவு வழியே மெதுவாக ஊர்ந்து கிணற்றுக்கு வருவதற்குள் அழுக்கின் ஒரு பகுதி அங்கேயே தங்கி, நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுகிறது. அந்தப் படிவு திறந்திருந்து, நீர் ஓடி, உயிர்வளி இருந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். பூச்சிக்கு வேண்டியதும் அதேதான். கோபிபாட் வாழும் இடுக்கு அடைபட்டால், கிணற்றுக்கு நீர் வரும் வழியும் அடைபடுகிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள நான்கு நெகிழிப் போத்தல்கள், கோலிகள், கழுவிய மணல், உலர்த்திப் பொடித்த களிமண், மெல்லிய துணி, அளவுக்குவளை, கடிகாரம்.

1. போத்தல்களின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். (கத்தியைப் பெரியவர்களிடம் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.) மூடிகளைக் கழற்றி, வாயைத் துணியால் கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள்.

2. முதலாவதில் கோலி, இரண்டாவதில் மணல், மூன்றாவதில் களிமண் நிரப்புங்கள். நான்காவதில் கோலியை நிரப்பிவிட்டு, மேலிருந்து மணலைத் தூவித் தட்டி இடுக்குகளை நிறையுங்கள். நான்கிலும் உயரம் ஒன்றாக இருக்கட்டும்.

3. முதலில் வாயை விரலால் அடைத்துக்கொண்டு, மேல்மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். எத்தனை மில்லிலிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். களிமண் போத்தலில் நீர் இறங்க நேரமாகும், பொறுமை வேண்டும்.

4. விரலை எடுத்து, முதல் 50 மில்லிலிட்டர் வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளவிடுங்கள்.

கோலியும் மணலும் பிடித்த நீரின் அளவில் அதிக வேறுபாடு இருக்காது. வடியும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். நான்காவது போத்தலின் நேரம் கோலியை ஒத்திருக்கிறதா, மணலை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஆற்றில் செய்ய விரும்பும் அறிவியல் கழக மாணவர்களுக்கு இன்னொன்று. ஆற்றோரச் சரளைத் திட்டில், நீரிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி முழங்கை ஆழக் குழி தோண்டினால் அடியில் நீர் ஊறும். அந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, நுண்ணோக்கியில் பாருங்கள். ஆசிரியர் உடன் வராமல் போகக் கூடாது. மழைக்காலத்தில் வேண்டாம். கைகாலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றுநீரைத் தொடாதீர்கள், எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஆபத்தானது. காலணியும் கையுறையும் அணிந்து செல்லுங்கள். பார்த்து முடித்ததும் நீரையும் உயிரினங்களையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழியை மூடுங்கள்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. 4 மில்லிமீட்டர் சரளைக்கற்களின் நடுவே நுழையக்கூடிய விலங்கின் உடல் அகலம் எவ்வளவு? 0.155-ஐப் பயன்படுத்திக் கணக்கிடுங்கள்.

2. ஆற்றின் ஒரே கல்மேட்டில், மேல்முனையில் கண்ணுள்ள இளம்பூச்சிகளும் கீழ்முனையில் கண்ணில்லாத ஆம்பிபாட்களும் கிடைக்கின்றன. நீரோட்டத்தைக் கொண்டு விளக்குங்கள்.

3. உங்கள் ஊர் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு குன்றை வெட்டி வீடமைப்பு நடக்கிறது. நிலத்தடி வாழிடத்தைக் காக்க அந்த இடத்தில் என்னென்ன செய்ய வேண்டும்? மண் ஆற்றுக்குள் வராமல் தடுக்கும் இரண்டு வழிகளையாவது எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.